பச்சை ஓலையில் பின்னிய பூக்கூடை ஏன் தளர்கிறது?

கேள்வி: மகளின் வளைகாப்புக்குச் சீர்த்தட்டுகளோடு வைக்கப் பனையோலையில் ஒரு பூக்கூடை பின்னிப் பார்த்தேன். பின்னிய அன்று இறுக்கமாக இருந்தது. பத்து நாளில் ஓலைகளுக்கு நடுவே சந்து விழுந்து, விளிம்பு ஆடுகிறது, கைப்பிடி கழன்றுவிட்டது. அடியில் கறுப்புப் புள்ளிகள் வேறு. எங்கே தவறினேன்? அளவுகளோடு சொல்ல முடியுமா?

பதில்: நீங்கள் வெட்டிய ஓலையை ஈரம் காயுமுன் பின்னியிருக்கிறீர்கள். ஓலை காயும்போது நீளத்தில் அவ்வளவாகக் குறையாது, அகலத்தில் சுருங்கும். ஒரு செ.மீ. அகலப் பட்டை ஒரு மி.மீ. சுருங்கினாலே, பன்னிரண்டு பட்டைகள் சேர்ந்த அடிப்பாகத்தில் ஒரு செ.மீட்டருக்கு மேல் சந்து விழுந்துவிடும். இழுத்து இறுக்கிப் பின்னியும் பயனில்லை. ஓலையை முழுதாகக் காயவிட்டு, சுருங்கி முடிந்த பிறகு லேசாக ஈரப்படுத்தி இளக்கித்தான் பின்ன வேண்டும்.

அலங்காரக் கூடைக்கு விரியாத குருத்தோலையே ஏற்றது. காய்ந்தால் தந்த நிறம் வரும், நுணுக்கமான மடிப்புக்கும் முறியாது. முற்றிய சாரோலை கடகம் என்னும் பெரிய ஓலைப்பெட்டிக்குச் சரி. பூ மடித்தால் வெடிக்கும். ஒரு குருத்தில் கூடையும் பூக்களும் முடிந்துவிடும். அதற்காக மரத்தின் நடுக்குருத்து முழுவதையும் சிதைத்து வெட்டச் சொல்லாதீர்கள்; அடுத்த ஓலை வரவேண்டியது அங்கிருந்துதான்.

ஓலைகளைப் பிரித்து இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவையுங்கள். இரவில் உள்ளே எடுத்துவிட வேண்டும். பனி பட்டால் நிறம் மங்கும். காய்ந்தபின் நடு ஈர்க்கை உரித்துவிட்டு, ஒரு செ.மீ. அகலத்தில் வகிருங்கள். ஒரு கட்டையில் இரண்டு பிளேடுகளை ஒரு செ.மீ. இடைவெளியில் பதித்து ஓலையை இழுத்தால் எல்லாப் பட்டையும் ஒரே அகலத்தில் வரும். கையால் வகிர்ந்த பட்டைகளில் மில்லிமீட்டர் வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து கூடை ஒரு பக்கம் சாயும்.

தேவை இவ்வளவு: அடிக்கு 45 செ.மீ. நீளத்தில் 24 பட்டைகள்; சுவருக்கு 60 செ.மீ. நீளத்தில் 10, விளிம்புக்கு ஒன்றரை செ.மீ. அகலம், 56 செ.மீ. நீளத்தில் 2. விளிம்பு கட்ட 3 மி.மீ. அகல நார், மொத்தம் இரண்டரை மீட்டர். கைப்பிடிக்கு, கருக்கு (ஓரத்து முள்) நீக்கிய பனைமட்டையிலிருந்து வகிர்ந்த சிம்பு (மெல்லிய கீற்று) ஒன்று: 65 செ.மீ. நீளம், ஒரு செ.மீ. அகலம், 3 மி.மீ. கனம். மட்டை கிடைக்காவிட்டால் மெல்லிய மூங்கில் பிளாச்சு.

பின்னும் முன் பட்டைகளைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு எடுத்து, ஈரத்துணியில் ஒரு மணி நேரம் சுற்றி வையுங்கள். மடித்துப் பார்க்கும்போது சரசரவென்று சத்தம் வந்தால் இன்னும் ஈரம் போதாது. நகத்தால் அழுத்தினால் நீர் கசிந்தால் அதிகம். அதிகம் ஊறிய ஓலை மறுபடி உப்பிக்கொள்ளும், பிறகு பழையபடி சந்துதான். வேலை நடுவே காய்ந்தால் தெளித்துக்கொள்ளலாம்.

12 பட்டைகளை நேராகவும் 12 குறுக்காகவும் ஒன்றுவிட்டு ஒன்று கோத்தால் 12 செ.மீ. சதுர அடி கிடைக்கும். பளபளப்பான முகம் வெளிப்பக்கம் வர வேண்டும். நான்கு ஓரங்களையும் அளவுகோலை வைத்து மடித்து நிமிர்த்துங்கள். 48 முனைகள் மேலே நிற்கும். சுவர்ப்பட்டையை ஒவ்வொரு சுற்றுக்கும் தனி வளையமாக ஓட்டி, முனைகளை நான்கு பட்டை தூரம் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகுங்கள். ஒவ்வொரு சுற்றையும் வேறு பக்கத்தில் தொடங்க வேண்டும். எல்லாச் சேர்ப்பும் ஒரே இடத்தில் வந்தால் அங்கே சுவர் புடைத்துக்கொள்ளும். நான்கு சுற்று ஏறியதும் 15 செ.மீ. விட்டமுள்ள சம்படம் (வட்ட டப்பா) ஒன்றை உள்ளே நிறுத்திப் பின்னினால், செட்டிநாட்டுக் கொட்டான்போல அடி சதுரமாகவும் வாய் வட்டமாகவும் வரும். அதற்கு அழகு அதுதான்.

பத்துச் சுற்று முடிந்ததும் விளிம்பு கட்ட அவசரப்படாதீர்கள். இரண்டு நாள் நிழலில் காயவிட்டு, ஒவ்வொரு சுற்றையும் விரலால் கீழே தள்ளி நெருக்குங்கள். பெரும்பாலான கூடைகள் கெட்டுப்போவது இந்த இரண்டு நாளைத் தவிர்ப்பதால்தான். பிறகு முனைகளைத் திரும்ப நனைத்து, வெளியே நிற்பவற்றை உள்ளே மடித்து மூன்று சுற்றுக்குக் கீழே செருகுங்கள். உள்ளே நிற்பவற்றை விளிம்போடு வெட்டிவிடலாம்.

கைப்பிடி கழன்றது, விளிம்பு கட்டிய பிறகு அதைச் சொருகியதால் இருக்கும். சிம்பை இரவு முழுக்க ஊறவைத்து, ஒரு பானையின் மேல் வளைத்துக் கட்டி இரண்டு நாள் காயவிடுங்கள். விளிம்புப் பட்டைகளை வைக்கும் முன்பே அதன் இரு கால்களையும் எதிரெதிர்ச் சுவர்களில் அடிவரை இறக்க வேண்டும். பிறகு விளிம்புப் பட்டைகளை உள்ளும் புறமும் வைத்து, நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு கட்டு என்று நாரால் சுற்றிக் கட்டுங்கள். கைப்பிடி வரும் இடத்தில் குறுக்காக இரண்டு கட்டு. மேல் வளைவை அரை செ.மீ. குருத்துப் பட்டையால் நெருக்கிச் சுற்ற, 60 செ.மீ. பட்டை ஐந்து பிடிக்கும்.

பூவுக்கு இரண்டு செ.மீ. அகலப் பட்டை. ஒரு முனையைப் பென்சில் கனத்துக்குச் சுருட்டி மொட்டாக்கி, மீதிப் பட்டையை வெளிப்பக்கம் சாய்த்து மடித்து மடித்துச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் ஓர் இதழாகும். நான்கு மடிப்புக்கு ஒருமுறை அடிக்கழுத்தை நூலால் கட்டிக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரேயடியாகக் கட்டினால் நடு மொட்டு நழுவி விழும். கைப்பிடியின் இரு கால்களிலும் மும்மூன்று பூ போதும். அதற்கு மேல் போனால் பின்னலே தெரியாது.

நிறம் வேண்டுமானால் பூவுக்குரிய பட்டைகளை மட்டும், பின்னும் முன் சாயமேற்றுங்கள். 100 கிராம் ஓலைக்கு 15 கிராம் படிகாரத்தை இரண்டு லிட்டர் நீரில் கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்து, பிறகு 30 கிராம் மஞ்சள்தூள் கரைத்த நீரில் இருபது நிமிடம் கொதிக்கவிட்டால் நல்ல மஞ்சள். ஆனால் வெயிலில் வெளுக்கும். சோப்போ சுண்ணாம்போ பட்டால் ஆரத்தித் தண்ணீர்போலச் சிவக்கும்.

கறுப்புப் புள்ளி பூஞ்சணம். ஈரம் உள்ளே நிற்கையில் பாலித்தீன் பையில் போட்டதாலோ, ஈரப் பூவை நேரே கொட்டியதாலோ வந்திருக்கும். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியால் துடைத்து அரை நாள் வெயிலில் வையுங்கள். பூஞ்சணம் போனாலும் ஆழப் பதிந்த கறை போகாது. வார்னிஷ் அடிக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. முழுதாகக் காயாத ஓலைமேல் அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். விசேஷத்தன்று வாழை இலை விரித்து அதன்மேல் பூ வையுங்கள். தண்டோடு பூ நிறுத்த வேண்டுமானால் தண்ணீர் ஊற்றிய சிறு எவர்சில்வர் டம்ளரை உள்ளே வைக்கலாம். பூ எடுத்ததும் கூடையை ஒரு நாள் நிழலில் கவிழ்த்து வைத்து, பிறகு பருத்தித் துணியில் சுற்றி எடுத்து வையுங்கள்.