காலில் காப்பு, ஸ்டேஷனில் கையெழுத்து: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, ஆள் எங்கே இருக்கிறார் என்று போலீசுக்குக் காட்ட, காலில் மாட்டும் ஜி.பி.எஸ். காப்பைப் பற்றியவை. மீதியில் பெரும்பாலானவற்றை உத்தரவின் நகலைப் பிரித்துக்கூடப் பார்க்காதவர்கள் எழுதியிருக்கிறார்கள். நீதிமன்றம் இப்படிச் சொன்னதாக மச்சான் சொன்னார் என்பதை வைத்துக்கொண்டு நான் பதில் சொல்ல முடியாது. முதலில் நகலைப் படியுங்கள்.

ஜெயிலுக்குப் பதில் காலில் காப்பு மாட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்களாமே, தம்பிக்குக் கேட்கலாமா?
– ஈரோடு வாசகர்

நாடு முழுவதற்கும் பொதுவான ஏற்பாடு எதுவும் இல்லை. 2023 நவம்பரில் ஜம்மு காஷ்மீர் போலீசார், பயங்கரவாத வழக்கில் ஜாமீனில் வந்த ஒருவருக்கு நீதிமன்ற உத்தரவின்பேரில் மாட்டினார்கள். இந்தியாவில் அதுதான் முதல் முறை. மத்திய அரசின் 2023 மாதிரிச் சிறைச் சட்டமும், காப்பு அணியச் சம்மதிக்கும் கைதிக்கு விடுப்பு தரலாம் என்கிறது. ஆனால் சிறை மாநில அரசின் அதிகாரத்தில் உள்ள விஷயம். மாதிரியை மாநிலம் ஏற்றால்தான் உண்டு. இன்னொன்று, ஜாமீனில் வந்தவர் கூகுள் வரைபடத்தில் தன் இருப்பிடத்தைப் போலீசுக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் ரத்து செய்தது. ஒருவருடைய ஒவ்வோர் அசைவையும் போலீஸ் பின்தொடர வழிசெய்யும் நிபந்தனை, தனிமனிதச் சுதந்திரத்தைக் காக்கும் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவுக்கு விரோதம் என்றது. தம்பிக்குச் சாதாரண ஜாமீன் மனு போட்டாயிற்றா? அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

வீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு டி.வி. பார்ப்பது எப்படித் தண்டனை ஆகும்?
– கும்பகோணம் வாசகர்

மாட்டிப் பார்த்தவர்கள் இப்படிக் கேட்பதில்லை. 1983-இல் அமெரிக்காவின் ஆல்புகெர்க்கி நகரில் ஜாக் லவ் என்ற நீதிபதி, நாளிதழில் வந்த சித்திரக்கதை ஒன்றைப் பார்த்து இதைத் தொடங்கிவைத்தார். அந்தக் காலக் கருவி, ஆள் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்பதை மட்டும் சொல்லும். இன்றைய ஜி.பி.எஸ். காப்பு, தெருவைக்கூடச் சொல்லும். ஆனால் தினமும் ஓரிரண்டு மணி நேரம் காலைச் சுவர் பிளக்கோடு ஒயரால் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். சார்ஜ் இறங்கினால் எச்சரிக்கை போகும். கட்டடத்துக்குள் சிக்னல் விட்டாலும் போகும். தப்பி ஓடியவனுக்கும் கிட்டங்கியில் மூட்டை அடுக்குகிறவனுக்கும் திரையில் பல நேரம் ஒரே அறிகுறிதான். அமெரிக்காவின் பல ஊர்களில் இதற்கான தினக் கட்டணத்தையும் மாட்டிக்கொண்டவரே கட்ட வேண்டும்.

மகன் மேல் செல்போன் திருட்டு வழக்கு. போன் விலை 18,000. புதிய சட்டப்படி சமூக சேவையோடு விட்டுவிடுவார்களா?
– வேலூர் வாசகி

அந்த வழியில் இல்லை, அம்மா. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், முதல் குற்றமாக இருக்க வேண்டும், பொருளையோ மதிப்பையோ திருப்பித் தந்திருக்க வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவில் சமூக சேவை இருப்பதே ஆறு குற்றங்களுக்குத்தான். மகனுக்கு வயது என்ன என்று நீங்கள் எழுதவில்லை. 21-க்குக் கீழே என்றால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

என் அக்கா மகனுக்கு 19 வயது. குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டால் கட்டாயம் சிறைதானா?
– நாமக்கல் வாசகர்

ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாவிட்டால், 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் (சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக நடப்பேன் என்ற பிணையத்தில் விட வழிசெய்வது) 6-ஆவது பிரிவைப் பாருங்கள். 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைச் சிறைக்கு அனுப்புவதற்கு முன் நீதிமன்றம் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். சிறைதான் என்றால் காரணத்தை எழுத வேண்டும். தண்டனை பற்றி நடுவர் கேட்கும் அந்த நிமிடத்தில் வக்கீல் எழுந்து இதைச் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டார், நினைவுபடுத்துங்கள். கஞ்சா வழக்காக இருந்தால் கணக்கே வேறு. 18 வயது தாண்டியவருக்கு, போதைப்பொருளைப் பயன்படுத்திய குற்றம் போன்ற மிகச் சிலவற்றைத் தவிர இந்தச் சட்டம் பொருந்தாது.

கட்டட வேலை செய்கிறேன். ஜாமீன் கிடைத்தது. மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து. வேலைக்கே போக முடியவில்லை. என்ன செய்ய?
– திருப்பூர் வாசகர்

இந்தக் கடிதத்துக்காகத்தான் மற்றவற்றைச் சுருக்கினேன். நகலையும் இணைத்திருக்கிறார், வாழ்க.

காலை 10.30. யாருக்கு வசதியான நேரம் அது? அலுவலகம் திறக்கும் நேரம். கூலிக்காரன் எட்டு மணிக்கே சாரத்தில் ஏறியிருக்க வேண்டும். பத்தரைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பதினொன்றரைக்கு வந்து நிற்பவனுக்கு எந்த மேஸ்திரி கூலி தருவார்? நான் பணியில் இருந்தபோது ஒரு ஸ்டேஷனில் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நகக்கண்ணில் சிமென்ட் காய்ந்திருக்க, ஒருவர் சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கையெழுத்து நோட்டு மேஜைமேல்தான் இருந்தது. ரைட்டர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், அவர் வந்துதான் நோட்டைத் தொடலாம் என்றார்கள். ரைட்டர் வரும்போது மணி பன்னிரண்டேகால். ஒரு கிறுக்கல் போட்டுவிட்டு அந்த மனிதர் போனார். அடுத்த வாரம் இரண்டு நாள் வரவில்லை. ஜாமீனை ரத்து செய்யக் கோரி மனு வந்துவிட்டது. கண்காணிப்பு என்ற பெயரில் நாம் அவரிடமிருந்து எடுத்தது வேலையை. வேலையில் இருக்கிறவன் ஊரைவிட்டு ஓடுவது குறைவு என்பதை என் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன். ஓடக் கூடாது என்று போட்ட நிபந்தனையே ஓட வைக்கிறது.

இது புதிய கதையும் இல்லை. 1978-இல் மத்தியப் பிரதேசக் கொத்தனார் ஒருவரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார்கள். அண்ணன்-தம்பி உறவில் ஒருவர் முன்வந்தால், அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்றார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ண அய்யர் அந்த உத்தரவைக் கிழித்துத் தோரணம் கட்டினார். ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆகிறது. வெளியூரில் தங்கிக் கையெழுத்துப் போடு என்ற உத்தரவுகள் இன்றும் வருகின்றன.

நீங்கள் செய்ய வேண்டியது இது. எந்த நீதிமன்றம் நிபந்தனை போட்டதோ அங்கேயே நிபந்தனை தளர்வு மனு போடுங்கள். ‘கஷ்டமாக இருக்கிறது’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். வேலை செய்யும் இடம், நேரம், தினக்கூலி, மேஸ்திரியின் கடிதம், இதுவரை ஒரு நாளும் தவறாமல் போட்ட கையெழுத்துகளின் விவரம், எல்லாம் வேண்டும். வாரம் ஒரு நாள், அல்லது மாலை ஆறு மணிக்குமேல், அல்லது வேலையிடத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனில் என்று மூன்று மாற்றுகளைக் கேளுங்கள், ஒன்றாவது கிடைக்கும். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். உத்தரவு கைக்கு வரும்வரை ஒரு நாளும் தவறக் கூடாது. மனு போட்டாயிற்றே என்று கையெழுத்தை நிறுத்தி மறுபடி உள்ளே போனவர்கள் நிறையப் பேர்.

நன்னடத்தைப் பிணையத்தில் விடுவித்தார்கள். அரசு வேலைக்குத் தடை உண்டா?
– சிவகங்கை வாசகர்

நன்னடத்தைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, தண்டனையால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. செய்த செயலை அழிப்பதில்லை. நடத்தையைப் பார்த்துத் துறை முடிவெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்று கேட்டால் மறைக்காதீர்கள். வழக்கைவிட மறைத்ததற்காகவே வேலை போகும்.

நன்னடத்தை அலுவலரை ஒரு முறை சந்திக்கத் தவறிவிட்டேன். உடனே ஜெயிலா?
– கரூர் வாசகர்

முதல் தவறுக்கு நன்னடத்தைச் சட்டப்படி நீதிமன்றம் 50 ரூபாய்வரை அபராதம் போட்டுவிட்டுப் பிணையத்தைத் தொடரவிடலாம். ஆமாம், ஐம்பதுதான், 1958-இல் எழுதிய தொகை. ஆனால் மூல வழக்குக்குத் தண்டனை தரும் அதிகாரமும் அதே சட்டத்தில் இருக்கிறது. இன்றே அலுவலரைப் போய்ப் பாருங்கள். ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு சீட்டாவது கையில் இருக்கட்டும்.

எங்கள் கேஸில் என்ன ஆகும்?
– பெயர், ஊர் இல்லை

எந்தப் பிரிவு, எந்த நீதிமன்றம், எந்தக் கட்டம்? நகலைப் படியுங்கள்.

தம்பி திருட்டு வழக்கில் 14 மாதமாக விசாரணைக் கைதி. முதல் வழக்கு, வேறு வழக்கு இல்லை. அதிகபட்சத் தண்டனை மூன்று வருடமாம்.
– விருதுநகர் வாசகி

முதல் வழக்கு என்றால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஒரு வருடம் முடிந்ததுமே ஜாமீனில் விடச் சொல்லும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 479-ஆவது பிரிவு அவருக்குப் பொருந்தும். நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. எழுதினாரா என்று நேர்காணலின்போது தம்பியிடம் கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டுக் கண்காணிப்பாளருக்கு நாளைக்கே பதிவுத் தபால் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.