ராக்கெட்டில் துருவுக்கு என்ன வேலை? கேள்வி பதில்

சார், ராக்கெட் எரிபொருளில் துருப்பொடி கலப்பார்களாமே, உண்மையா? – கவிதா

உண்மைதாம்மா. அமெரிக்க விண்வெளி ஓடத்தின் இரண்டு பக்க பூஸ்டர்களை (கிளம்பும்போது தள்ளிவிடும் துணை ராக்கெட்டுகளை) எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 500 டன் திட எரிபொருள். அதில் முக்கால் பாகத்துக்குக் கொஞ்சம் குறைவாக, எரிவதற்கு ஆக்சிஜன் தரும் அம்மோனியம் பெர்குளோரேட், 16 சதவீதம் அலுமினியப் பொடி, மீதி பெரும்பாலும் ரப்பர் மாதிரியான பிணைப்பான். இரும்பு ஆக்சைடு, அதாவது நம்ம துரு, வெறும் 0.4 சதவீதம். சாம்பாரில் பெருங்காயம் போடும் கணக்குதான், ஆனால் எடை போட்டால் ரெண்டு டன் வரும்!

அவ்வளவு போட்டால் உந்துவிசை கூடுமா?

கூடும், ஆனால் அந்த சக்தி துருவிலிருந்து வருவதில்லை. உண்மையில் துரு அங்கே செத்த எடை. அது கலந்திருப்பதால் அதே எரிபொருள் சீக்கிரமாக எரிகிறது, நொடிக்கு நொடி அதிக வாயு வெளியே வருகிறது, அவ்வளவுதான். விசை கூடினால் எரியும் நேரம் குறையும்.

எப்படி வேகம் கூடுகிறது? – சரவணன், கல்லூரி இரண்டாம் ஆண்டு

பெர்குளோரேட்டைத் தனியாகச் சூடாக்கினால் இரண்டு கட்டமாகச் சிதையும். முதல் கட்டத்தில் சுமார் 30 சதவீதம் சிதைந்ததும் வேலைநிறுத்தம் செய்த மாதிரி நின்றுவிடும். மிச்சம் சிதைய இன்னும் நல்ல சூடு வேண்டும். இரும்பு ஆக்சைடு, காப்பர் குரோமைட் போன்ற வினையூக்கிகள் (வேதிவினையை வேகப்படுத்தும் பொருட்கள்) அந்த இரண்டாம் கட்டத்தைக் குறைந்த வெப்பநிலைக்கு இறக்கிவிடுகின்றன. மேற்பரப்பை ஒட்டியே வெப்பம் கிளம்புவதால், அடுத்த அடுக்கு முன்னதாகவே சூடேறுகிறது.

பற்றவைப்பதற்கும் இது உதவுமா?

உதவும். மேற்பரப்பு சூடேறி நிலையாகப் பற்றிக்கொள்ளும் வரையுள்ள தாமதம் குறையும். ஆனால் பற்றவைப்பது வினையூக்கியின் வேலை இல்லை. அதற்கு மோட்டாரின் தலைப்பகுதியில் தனியாக ஒரு இக்னைட்டர் இருக்கிறது.

நிறைய போட்டால் நிறைய வேகம்தானே? எதற்கு இவ்வளவு கஞ்சத்தனம்? – முருகேசன்

நல்ல கேள்வி, இங்கேதான் விஷயமே இருக்கிறது. அழுத்தம் கூடினால் எரிவேகம் கூடும், எரிவேகம் கூடினால் அழுத்தம் இன்னும் கூடும். இந்தச் சங்கிலி எங்காவது அடங்க வேண்டுமானால், எரிவேகத்துக்கும் அழுத்தத்துக்கும் இடையிலான அடுக்கெண் (அழுத்தம் மாறினால் எரிவேகம் எவ்வளவு வேகமாக மாறும் என்று சொல்லும் எண்) 1-க்குக் கீழே இருக்க வேண்டும். அது 0.35 என்று வைத்துக்கொள்ளுங்கள். வினையூக்கியால் அடிப்படை எரிவேகம் 10 சதவீதம் கூடினால், அறை அழுத்தம் சுமார் 16 சதவீதம் ஏறும். சரி, சமாளிக்கலாம். அதே அடுக்கெண் 0.8 ஆக இருந்தால் அழுத்தம் 60 சதவீதத்துக்கு மேல் எகிறும். உறை தாங்காது. அதனால் வினையூக்கியைத் தேர்ந்தெடுக்கும்போது எரிவேகத்தை எவ்வளவு ஏற்றுகிறது என்பதோடு, அடுக்கெண்ணை என்ன செய்கிறது என்றும் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் முக்கியம்.

ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மம், துருவைவிட இன்னும் நல்ல வினையூக்கி என்கிறார்களே?

வேகம் கூட்டுவதில் கெட்டிக்காரன்தான், ஆனால் ஓரிடத்தில் இருக்கமாட்டான். சேமிப்பில் வைத்திருக்கும் வருடங்களில் மெல்ல மெல்ல நகர்ந்து மேற்பரப்புக்கு வந்துவிடுவான். அதற்காகத்தான் பிணைப்பான் சங்கிலியோடு ஃபெரோசீனை வேதியியல் முறையில் கட்டிப்போடும் வழியைக் கண்டுபிடித்தார்கள்.

அண்ணா, வீட்டில் சின்னதாக ஒன்று செய்து பார்க்கலாமா?

வேண்டாம் தம்பி. வேகமாக எரியவைக்கும் அதே வினையூக்கி, கலவையை லேசான உராய்வுக்கும் சீண்டலுக்கும்கூடப் பற்றிக்கொள்ளும்படி ஆக்கிவிடுகிறது. பெர்குளோரேட் மட்டும் தயாரித்த ஒரு ஆலையே 1988 மே மாதம் அமெரிக்காவின் நெவாடாவில், ஹெண்டர்சன் ஊரில் வெடித்தது. 2 பேர் இறந்தார்கள், 300-க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள்.

இரண்டு பூஸ்டரில் ஒன்று மட்டும் கொஞ்சம் வேகமாக எரிந்துவிட்டால்? – கவிதா (மறுபடியும் நான்தான் சார்)

ஓடம் ஒரு பக்கமாக இழுக்கும். அதனால் இடது, வலது பூஸ்டர்களின் பகுதிகளை ஜோடி ஜோடியாக, ஒரே தொகுதி மூலப்பொருளிலிருந்தே வார்த்தார்கள். துருப்பொடி உட்பட.