வெள்ளம் வடிந்து இரண்டு மாதம்: துணி மூட்டைகளை நிறுத்துங்கள்

வணக்கம் சகோதரி. மலேசியாவின் சுங்கை பினாங்கில் வெள்ள நிவாரணத்துக்கு இன்னும் பழைய துணிதான் குவிகிறது, உதவிக்கு ஆள் வருவதில்லை என்றீர்கள். விடாமல் நிற்கிறீர்களே, அதுவே பெரிது.

நீங்கள் போட்ட ‘எதுவானாலும் கொடுங்கள்’ பதிவை முதலில் நீக்குங்கள். கூகுள் ஷீட்டில் வீட்டுக்கு ஒரு வரி: தேவையான பொருள், அளவு, பொறுப்பாளர், ஒப்படைத்த தேதி. ஐசி (அடையாள அட்டை) எண் பொதுவில் வேண்டாம். வாட்சாப்பில் வெறுமனே ‘ஆள் தேவை’ என்றால் அடுத்தவர் போவார் என்று எல்லோரும் இருந்துவிடுவார்கள். ‘சனி காலை 9 முதல் 12, சுவர் சுரண்ட 4 பேர்’ என்று கேளுங்கள்.

பெயிண்டுக்கு அவசரப்படாதீர்கள். சுவரில் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி மறுநாள் பாருங்கள். உள்ளே நீர்த்துளி நின்றால் ஈரம் போகவில்லை, அடித்த பெயிண்ட் உரிந்துவிடும். பிரிட்ஜ் கொடுக்குமுன் வயர்மேன் வயரிங்கைப் பார்க்கட்டும். பணம் பதிவுபெற்ற சங்கக் கணக்குக்கே போகட்டும், தனிநபர் கியூஆர் வேண்டவே வேண்டாம்.