எச்ஓ டீசல் எஞ்சினில் பேஸ் நன்றாகக் கேட்க எந்த ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பது?

எச்ஓ அளவு (1:87) எஸ்டி40-2 டீசல் ரயில் எஞ்சின் மாடலில் ஒலி டிகோடர் (எஞ்சின், ஹார்ன் ஒலிகளை எழுப்பும் சிறு மின்சுற்று) பொருத்தியிருப்பதாகவும், ஹார்ன் தெளிவாகக் கேட்டாலும் எஞ்சினின் உறுமல் மெல்லிய இரைச்சலாகவே வருவதாகவும் எழுதி, எந்த ஸ்பீக்கர் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்பீக்கரின் பெயரைவிட அதன் பின்னால் அமையும் பெட்டியையே முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அசல் எஸ்டி40-2வில் இருப்பது 16 சிலிண்டர் கொண்ட டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். அது முழு வேகமான 900 ஆர்பிஎம்மில் நொடிக்கு 240 முறையும், நின்றபடி 300 ஆர்பிஎம் அளவில் ஓடும்போது 80 முறையும் வெடிக்கிறது. அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், அதே அழுத்தத்தில் ஒலிக்க நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும் என்பதால், விரல்நுனி அளவுள்ள ஸ்பீக்கரால் 80 ஹெர்ட்ஸைக் கேட்கும்படி எழுப்ப இயலாது. ஆயினும் 240, 320, 400 என அதன் மடங்குகள் சுத்தமாக வந்தால், அடிநாதத்தை நம் செவியே நிரப்பிக்கொள்ளும். ஆகவே அந்தப் பகுதியைக் காப்பாற்றுவதே நாம் செய்யக்கூடியது.

ஸ்பீக்கரின் முன்பக்கம் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்பக்கம் இழுக்கிறது. இரண்டும் கலந்தால் முதலில் அழிவது பேஸ் எனும் தாழ்ந்த ஒலிதான். பின்பக்கத்தை ஸ்டைரீன் தகட்டுப் பெட்டியால் மூடி, மூலைகளையும் கம்பி வெளிவரும் துளையையும் பசையால் முழுமையாக அடைத்துவிடுங்கள். வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்து எஞ்சின் ஒலியைக் கேட்டுவிட்டு, உடனே பெட்டியின் மேல் அழுத்திப் பாருங்கள். வேறுபாடு அக்கணமே தெரியும். பெட்டி சிறிதானால் ஒத்ததிர்வு அதிர்வெண் மேலே ஏறி, பேஸ் குறையும்; எனவே இடம் தரும் அளவுக்குப் பெரிதாகச் செய்யுங்கள்.

இந்த மாடலின் நீண்ட ஹுட் (எஞ்சினை மூடும் நீளமான கூடு) ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் அகலமே என்பதால், 28 மில்லிமீட்டர் வட்ட ஸ்பீக்கர் அதில் படுக்காது. 11×15 அளவு சுகர் கியூப் (சர்க்கரைக் கட்டி போன்ற சிறு ஸ்பீக்கர்) எளிதாக அமரும். ஆனால் 16×35 நீள்வடிவ ஸ்பீக்கரின் பரப்பு அதைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகம். உயரம் இடம் கொடுத்தால் நான் தயங்காமல் இதையே வைப்பேன். ரேடியேட்டர் விசிறிகளின் கிரில் திறந்திருந்தால் முகத்தை மேல்நோக்கியும், இல்லையெனில் கீழ்நோக்கியும் வைக்கலாம்.

இரண்டு சுகர் கியூப்களைத்தான் வைக்க முடியும் என்றால், 8 ஓம் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்க்கும்போது 4 ஓம் ஆகிவிடும். டிகோடர் அதைத் தாங்குமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். லோக்சவுண்ட் 5 என்ற டிகோடர் தாங்கும். துருவம் மாறினால் ஒன்றின் பேஸை மற்றொன்று அழித்துவிடும். ஆகவே டிகோடருடன் இணைப்பதற்கு முன், 1.5 வோல்ட் பேட்டரியை நொடிப்பொழுது தொட்டு, இரண்டு கூம்புகளும் ஒரே திசையில் அசைகின்றனவா என்று பாருங்கள்.

டிகோடரின் ஈக்வலைசரில் (ஒலியின் அதிர்வெண் பட்டைகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மிகத் தாழ்ந்த பட்டைகளை உயர்த்தினால் கூம்பு படபடக்குமே தவிர, பேஸ் அதிகரிக்காது. அவற்றைச் சற்றுக் குறைத்து, ஹார்ன், மணி இரண்டின் அளவையும் இறக்குங்கள். எஞ்சின் ஒலி மேலெழும்.