குரல் முதலில், களிமண் அப்புறம்

அன்புள்ள சார்,

பொம்மைகள் பற்றிச் சென்ற மாதம் எழுதிய கட்டுரையில், களிமண் பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் படம் எடுக்கும் இங்கிலாந்தின் ஆர்ட்மேன் ஸ்டூடியோ பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அவர்கள் படத்தில் உற்றுப் பார்த்தால் பொம்மையின் கன்னத்தில் செய்தவரின் கைரேகை தெரியும் என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

என் மகளுக்கு 9 வயது. அவர்கள் எடுத்த 'ஷான் தி ஷீப்' தொடர் என்றால் பைத்தியம். அவளுக்காக கிளே வாங்கி, போனில் ஒரு செயலியை இறக்கி நாங்களும் முயன்றோம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து 11 வினாடி எடுத்தோம். அதுவும் முழுக்க நடுங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா, "இந்த நேரத்துக்கு ஒரு படி முறுக்கு புழிஞ்சிருக்கலாம்" என்றார். மகள் "போர்ப்பா" என்று எழுந்து போய்விட்டாள்.

நிக் பார்க் இந்த ஸ்டூடியோவைத் தொடங்கி 50 ஆண்டு ஆகிவிட்டது என்று படித்தேன். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் செய்துவிடலாம் என்றான பிறகும் இதே வேலையைச் செய்ய அவர்களுக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வருகிறது? அவர்களுக்குக் களிமண் செய்து கொடுத்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள், இனி படமே வராது என்றும் ஒரு செய்தி கண்ணில் பட்டது. உண்மைதானா?

செந்தில்குமார்
ஈரோடு

அன்புள்ள செந்தில்குமார்,

முதலில் அந்த 11 வினாடிக்கு வாழ்த்து. முழுநீளப் படம் எடுக்கும்போது ஆர்ட்மேனில் ஓர் அனிமேட்டர் நாளெல்லாம் நின்று தேற்றுவது இரண்டு மூன்று வினாடிதான். நீங்கள் அவர்களைவிட நாலு மடங்கு வேகம். நடுங்கியதற்குக் காரணமும் அதுதான் என்று நினைக்கிறேன். கடைசியில் அதற்கு வருகிறேன்.

களிமண் விஷயத்தை முதலிலேயே முடித்துவிடலாம். நம் ஊர்க் குளத்துக் களிமண் மாதிரி இல்லை அது. எண்ணெய் சேர்த்த பிளாஸ்டிசின் வகை, எத்தனை நாள் வைத்திருந்தாலும் காயாது. 'நியூபிளாஸ்ட்' என்ற பெயரில் அதைச் செய்துவந்த நிறுவனம் 2023இல் மூடப்பட்டது. கையிலிருப்பது இன்னும் ஒரு படத்துக்குத்தான் காணும் என்று பத்திரிகைகள் பதறின. கையிருப்பு நிறைய இருக்கிறது, மாற்று ஏற்பாடும் செய்துகொண்டிருக்கிறோம், யாரும் கவலைப்பட வேண்டாம் என்று ஸ்டூடியோ அறிக்கை விட்டது. 2024 கிறிஸ்துமஸ் அன்று, அவர்களுடைய புகழ்பெற்ற ஜோடியான வாலஸும் அவன் நாய் குரோமிட்டும் புதுப்படத்தோடு பிபிசியில் வந்தும் விட்டார்கள். மகளிடம் சொல்லுங்கள்.

அடுத்தது ஒரு திருத்தம். ஆர்ட்மேனைத் தொடங்கியவர் நிக் பார்க் இல்லை. பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தொடங்கியவர்கள் பீட்டர் லார்ட், டேவிட் ஸ்ப்ராக்ஸ்டன் என்ற இரண்டு பள்ளித் தோழர்கள், லண்டனுக்குத் தென்மேற்கே இருக்கும் வோக்கிங் ஊரில் ஒன்றாகப் படித்தவர்கள். ஸ்ப்ராக்ஸ்டனின் அப்பா பிபிசியில் தயாரிப்பாளர், வீட்டில் அவருடைய 16 எம்.எம். போலக்ஸ் கேமரா இருந்தது. பையன்கள் அதைச் சமையலறை மேசைமேல் நிறுத்தி ஒவ்வொரு ஃப்ரேமாக எடுத்துப் பழகினார்கள். அப்படி எடுத்த ஒரு துண்டை 'விஷன் ஆன்' என்ற பிபிசி நிகழ்ச்சி விலைக்கு வாங்கியது. காது கேளாத குழந்தைகளுக்கான நிகழ்ச்சி அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அந்தத் துண்டில் வந்தவன் ஓர் அசட்டு சூப்பர் ஹீரோ. ஆர்ட்வார்க் என்று ஆப்பிரிக்காவில் மூக்கு நீண்ட பிராணி ஒன்று உண்டு. அதன் பெயரையும் 'மேன்' என்ற சொல்லையும் ஒட்டவைத்து அவனுக்கு ஆர்ட்மேன் என்று பெயர் வைத்திருந்தார்கள். காசோலையை யார் பெயருக்கு எழுதுவது என்ற கேள்வி வந்தபோது அந்தப் பெயரையே கொடுத்துவிட்டார்கள். 1972இல் கம்பெனி பிறந்த கதை இவ்வளவுதான். இதில் வேடிக்கை, அந்த ஆர்ட்மேன் களிமண்ணே இல்லை. தாளில் வரைந்த கார்ட்டூன். வரைகிற கூட்டத்தில் நம்மால் முந்த முடியாது, ஆனால் பிளாஸ்டிசினில் அதிகம் பேர் இல்லை என்று இருவருக்கும் சீக்கிரமே புரிந்துவிட்டது. ஆளுக்கொரு பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்துக்கொண்டு 1976இல் பிரிஸ்டல் போய்ச் சேர்ந்தார்கள். மறு ஆண்டே, டோனி ஹார்ட் என்ற ஓவியர் நடத்திய குழந்தைகள் நிகழ்ச்சியில், அவர் மேசைமேல் சேட்டை செய்யும் பழுப்பு நிறக் குட்டி மனிதனாக மார்ஃப் வந்தான். பிரிட்டனில் அந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்கு மார்ஃபைத் தெரியாமல் இருக்காது.

சரி, பொறுமைக்கு வருவோம். பொறுமை வேண்டும்தான், இல்லையென்று யார் சொன்னது. ஆனால் செக்கோஸ்லோவாக்கியாவில் பொம்மைப்படம் எடுத்தவர்களுக்கும் ரஷ்யாவில் எடுத்தவர்களுக்கும் அது குறைவாகவா இருந்தது? தறி நெய்கிறவருக்கும் பூத்தொடுக்கிறவருக்கும் இருப்பதுதான். ஆர்ட்மேனிடம் தனியாக ஒன்று இருக்கிறதென்றால் அது காது என்பேன்.

1978 வாக்கில் வந்த 'டவுன் அண்ட் அவுட்' ஐந்து நிமிடம் போலத்தான் ஓடும். சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு நடத்தும் ஏழைகள் விடுதியில் ஒரு கிழவர் வந்து சாப்பாட்டுக்கு நிற்கிறார். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சீட்டு எங்கே என்கிறார். கிழவருக்குப் பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. அவ்வளவுதான் கதை. இந்த வசனத்தை யாரும் எழுதவில்லை. உண்மையான விடுதியில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து எடுத்த உண்மையான பேச்சு. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, இந்தத் திணறலின்போது கை எங்கே போயிருக்கும், இந்த மௌனத்தில் கண் எங்கே பார்த்திருக்கும் என்று யோசித்துப் பொம்மைகளை அசைத்திருக்கிறார்கள். கிழவர் பேச்சை நிறுத்துகிற இடங்களில் அந்தக் களிமண் முகத்தைப் பாருங்கள். நடிகர் ஒருவர் செய்திருந்தால் நடிப்பு என்று தெரிந்திருக்கும். குழந்தைகளுக்குரியது என்று எல்லோரும் ஒதுக்கிய சாமானை வைத்து இதைச் செய்தார்கள். 1982இல் புதிதாகத் தொடங்கிய சேனல் 4 தொலைக்காட்சி இவர்களைக் கூப்பிட்டு இதே மாதிரி ஐந்து படம் கேட்டது. தபால்காரர் போலக் கதவு கதவாகத் தட்டிச் சாமான் விற்கிறவர், நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்கும் இளைஞன் என்று எல்லாம் சாதாரண மனிதர்களின் நிஜக் குரல்கள்.

நிக் பார்க் வருவது இதற்குப் பிறகுதான். வடக்கே பிரெஸ்டன் ஊர்க்காரர். திரைப்படக் கல்லூரியில் படித்தபோது 1982இல் ஒரு மாணவர் படத்தைத் தொடங்கியிருந்தார், முடிக்க முடியவில்லை. பேச வந்த லார்டும் ஸ்ப்ராக்ஸ்டனும், எங்களோடு வந்து வேலை செய், உன் படத்தையும் கூடவே முடி என்றார்கள். 1985இல் போனார். மறு ஆண்டு, பாடகர் பீட்டர் கேப்ரியலின் புகழ்பெற்ற ஒரு பாட்டு வீடியோவில் இரண்டு கோழிகளை ஆடவைக்கிற வேலை அவருக்கு. பொம்மைக் கோழி இல்லை, கடையில் வாங்கிய உரித்த கோழி! ஸ்டூடியோ விளக்குச் சூட்டில் அந்த அறை எப்படி மணத்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1989இல் அவர் எடுத்த 'கிரீச்சர் கம்ஃபர்ட்ஸ்' பழைய வித்தையின் அடுத்த படி. சாதாரண மக்களிடம் அவர்கள் வீடு, சாப்பாடு, மிருகக்காட்சிசாலை பற்றியெல்லாம் கேட்டுப் பதிவுசெய்து, அந்தக் குரல்களை மிருகக்காட்சிசாலை விலங்குகளின் வாயில் வைத்தார். பிரிஸ்டலில் தங்கிப் படித்த பிரேசில் மாணவர் ஒருவர், இந்த ஊர்க் குளிரையும் குறுகலான அறையையும் சாப்பாட்டையும் கரித்துக்கொட்டியிருக்கிறார். படத்தில் அது கூண்டுக்குள் இருக்கும் ஒரு பெரிய தென்னமெரிக்கப் பூனையின் குரல். எனக்கு இடம் வேண்டும், இங்கே வெயில் இல்லை, கறி சரியில்லை என்று அது கையை ஆட்டி ஆட்டிப் பேசும்போது சிரிப்பும் வரும், மாணவர் விடுதியில் இருந்தவர்களுக்குத் தொண்டையும் அடைக்கும். 1991இல் இதற்கு ஆஸ்கார் கிடைத்தது. அந்த ஆண்டு அதே பரிசுக்குப் போட்டியிட்டுத் தோற்ற படங்களில் ஒன்று, ஒருவழியாக முடித்துவிட்டிருந்த அவருடைய அந்த மாணவர் படமேதான்! அப்புறம் இந்த விலங்குகளை வைத்து மின்சார ஹீட்டிங்குக்கு விளம்பரங்கள் எடுத்தார்கள். ஆமை பேசும் விளம்பரம் நாடெங்கும் பிரபலம். ஆனால் ஜனங்களில் பலர் அதை கேஸ் கம்பெனி விளம்பரம் என்றே நினைவில் வைத்திருந்தார்கள். காசு கொடுத்தவர்கள் பாவம்.

அந்த மாணவர் படம்தான் வாலஸும் குரோமிட்டும் முதன்முதலாக வந்த 'எ கிராண்ட் டே அவுட்'. வாலஸ் குரலுக்கு பீட்டர் சாலிஸ் என்ற மூத்த நடிகரைக் கேட்டு, 50 பவுண்டு தரமுடியும் என்றாராம் பார்க். அவரும் வந்து பேசிவிட்டுப் போனார். படம் முடிந்தது என்று தகவல் வர ஆறு வருடம் போலப் பிடித்தது. அந்தப் பதிவில் அவர் 'சீஸ்' என்ற சொல்லை வடக்கத்தி பாணியில் இழுத்த இழுப்பு இருக்கிறதே, அதைக் கேட்டபிறகுதான் வாலஸின் வாய் கன்னம் தாண்டி அகலமானது. அவன் முகத்தைக் குரல்தான் செதுக்கியது என்று சொன்னால் மிகையில்லை.

குரோமிட்டுக்கும் பேச்சு யோசித்திருந்தார்கள். ஆனால் முதலில் எடுத்த காட்சியில் குரோமிட் ஒரு கதவுப் பலகைக்கு அடியில் முட்டுக்கொடுத்து நிற்க, வாலஸ் மேலே ரம்பம் போடுகிறான். பார்க்கின் கை உள்ளே போய் வாயை மாற்ற முடியாத இடம். எட்டியது புருவம் மட்டும். புருவத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பார்த்தார். எல்லாம் அதிலேயே வந்துவிட்டது. அன்றோடு அந்த நாய்க்கு வாய் போயிற்று. நல்ல காது உள்ளவர்களுக்கு எங்கே பேச்சு வேண்டாம் என்பதும் தெரியும். உங்கள் மகளின் ஷான் 1995இல் 'எ குளோஸ் ஷேவ்' படத்தில் சின்ன ஆட்டுக்குட்டியாக வந்தவன். 2007இல் அவனுக்கென்று தொடர் எடுத்தபோது ஒரு வசனமும் வைக்கவில்லை. அதனால்தான் அது எந்த நாட்டிலும் டப்பிங் இல்லாமல் ஓடுகிறது, ஈரோட்டிலும். விஷன் ஆன் குழந்தைகளுக்காக இரண்டு பையன்கள் கற்ற பாடம் அது.

ஹாலிவுட் கதையை நீட்ட விருப்பமில்லை. டிரீம்வொர்க்ஸோடு சேர்ந்து எடுத்த 'சிக்கன் ரன்' 2000இல் வந்து 22 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஸ்டாப் மோஷன், அதாவது பொம்மையை ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அசைத்து எடுக்கும் படங்களில் இன்றும் அதுதான் முதலிடம். அதில் கோழிகளின் கழுத்தில் மணி, துண்டு என்று ஏதாவது கிடப்பதைக் கவனியுங்கள். தலையும் உடம்பும் வேறு வேறு பொருளில் செய்தது, அந்த ஒட்டு தெரியக்கூடாது என்று. 2005இல் வந்த வாலஸ் குரோமிட் முழுநீளப் படம் ஆஸ்கார் வாங்கியது. அதன் அமெரிக்கப் பிரதியில் ஒரு சொல்லை மாற்றினார்கள். மேரோ என்ற காயின் பெயர் அங்கே புரியாதென்று மெலன் ஆயிற்று. சின்ன விஷயம்தான். ஆனால் ஊர்ப்பேச்சை நம்பிப் பிழைத்தவர்களுக்கு இது எங்கே போய் முடியும் என்று தோன்றாமல் இருந்திருக்காது. அடுத்த படத்தில் தண்ணீர்க் காட்சிகள் அதிகம் என்பதால் முழுக்கக் கம்ப்யூட்டரில் செய்தார்கள். நஷ்டம். 2007இல் இரு தரப்பும் பிரிந்தன.

2005 அக்டோபர் 10ஆம் தேதியை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த வார இறுதியில் அவர்கள் படம் அமெரிக்க வசூலில் முதலிடம். திங்கள்கிழமை காலை, பிரிஸ்டலில் பழைய செட்டுகளையும் பொம்மைகளையும் வைத்திருந்த கிடங்கு தீப்பிடித்து எரிந்துவிட்டது. முப்பது ஆண்டு வேலை. இரண்டு நாள் முன்புதான் காஷ்மீர் நிலநடுக்கம் நடந்திருந்தது. அதோடு பார்க்கும்போது இது பெரிய விஷயமில்லை என்றார் நிக் பார்க். 2018இல் லார்டும் ஸ்ப்ராக்ஸ்டனும் கம்பெனியின் 75 சதவீதத்தை ஓர் அறக்கட்டளை வழியாக ஊழியர்களுக்கே கொடுத்தார்கள். வாங்கக் காத்திருந்த பெரிய கைகளுக்கு விற்றிருந்தால் கிடைத்திருக்கும் பணத்தை நினைத்தால் எனக்கே கை அரிக்கிறது.

இப்போது உங்கள் 11 வினாடி. போனைக் கையில் பிடித்து எடுத்திருப்பீர்கள். இரண்டு புத்தக அடுக்குக்கு நடுவே செருகி டேப் ஒட்டிவிடுங்கள். ஜன்னலை மூடுங்கள், ஒரே ஒரு மேசை விளக்கு போதும். மின்விசிறியை அணையுங்கள், இறக்கையின் நிழல் ஒவ்வொரு படத்திலும் வேறு மாதிரி விழும். வெளிச்சம் மாறினாலும் பொம்மை நடுங்குவதாகத்தான் கண்ணுக்குத் தெரியும். வினாடிக்கு 24 படம் தேவையில்லை. அங்கேயும் பல இடங்களில் ஒரே நிலையை இரண்டு ஃப்ரேமுக்கு வைத்து, வினாடிக்கு 12 நிலைகளோடு சமாளித்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, உங்கள் அம்மா சொன்னாரே, "இந்த நேரத்துக்கு ஒரு படி முறுக்கு புழிஞ்சிருக்கலாம்." கடிதத்தில் படித்ததும் எனக்குக் குரலே கேட்டுவிட்டது. நான்கு வினாடி வரும். 48 படம், ஒரு மதியத்தில் முடித்துவிடலாம். அதை அவர் வாயால் மறுபடி சொல்லவைத்துப் பதிவுசெய்யுங்கள். சொல்லிவிட்டே பதிவுசெய்யுங்கள். முதல் இரண்டு தடவை போனுக்காகப் பேசுவார், அதை விட்டுவிடுங்கள், மூன்றாவது தடவை எரிச்சலில் சரியாக வரும். கிளேயில் அதைப் பேசுவது பாட்டியாக இருக்க வேண்டுமா, வயதான ஆமையாக இருக்க வேண்டுமா என்பதை மகள் முடிவு செய்யட்டும்.