லினக்ஸ் கம்ப்யூட்டரைப் போட்டால் கறுப்புத் திரைதான் வருகிறது. பழைய லாகின் பக்கத்தை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

யாராவது ஃபார்மட் பண்ணச் சொன்னால் காதில் வாங்காதீர்கள். கறுப்புத் திரையில் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு உள்ளே விடுகிறதா? அப்படியானால் பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. யாரோ லாகின் பக்கத்தை நிறுத்தி வைத்திருப்பார்கள்.

இதில் எனக்குச் சூடுபட்ட அனுபவம் உண்டு. காரைக்குடிப் பக்கம் எங்கள் பெரிய வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர், லினக்ஸ் மின்ட். பங்காளிகளின் புள்ளிக் கணக்கு (தலைக்கட்டுக் கணக்கு), படைப்புச் செலவு (முன்னோருக்குப் படையல் போடுவது), வரி பாக்கி (பங்காளிகள் பொதுச் செலவுக்குப் பிரித்துக் கொடுக்கிற பணம்) எல்லாம் அதில்தான். மெதுவாக ஓடுகிறது என்று பெரியப்பச்சி (பெரியப்பா) ஆள் கூப்பிட்டிருக்கிறார். வந்த தம்பி, மெமரி மிச்சமாகும் என்று கிராஃபிக்ஸை நிறுத்திவிட்டுப் போய்விட்டார், யாரிடமும் சொல்லாமல். படைப்புக்கு முதல் நாள் திறந்தால் ஒரே கறுப்பு. போன் போட்டால், "ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட்டுடலாம்ணே" என்கிறார். கணக்கு போனால் பங்காளிகளுக்கு யார் பதில் சொல்வது?

நானே உட்கார்ந்தேன். சிஸ்டம்சிடிஎல் கெட்-டிஃபால்ட் என்று அடித்தால் (ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும், நடுவில் சின்னக் கோடு உண்டு) மல்டி-யூசர்.டார்கெட் என்றது, அதாவது வெறும் எழுத்துத் திரை. கிராஃபிக்கல்.டார்கெட் என்றல்லவா வர வேண்டும்! சூடோ சிஸ்டம்சிடிஎல் செட்-டிஃபால்ட் கிராஃபிக்கல்.டார்கெட் அடித்து (சூடோ என்றால் நிர்வாகி அனுமதியோடு செய் என்று அர்த்தம்) ரீபூட் செய்தேன். உங்களுக்கு அநேகமாக இதோடு சரியாகிவிடும்.

எங்களுக்கு ஆகவில்லை. லாகின் பக்கத்தைக் காட்டுகிற லைட்டிஎம்மையும் அந்தப் புண்ணியவான் தனியாக டிஸேபிள் செய்திருந்தார். சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லைட்டிஎம் அடித்து, இன்னொரு ரீபூட் செய்த பிறகுதான் வந்தது. சாதாரண உபுண்டு என்றால் லைட்டிஎம் இடத்தில் ஜிடிஎம்3. மாஸ்க்டு (அடியோடு பூட்டியிருக்கிறது) என்று சொன்னால் முதலில் சூடோ சிஸ்டம்சிடிஎல் அன்மாஸ்க் என்று அடித்து, பக்கத்தில் அந்தப் பெயரையும் போட்டுப் பூட்டை எடுங்கள். லாகின் பக்கம் வந்தும் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு மறுபடி அங்கேயே திருப்பி விட்டால் அது வேறு நோய். டிஎஃப் -எச் அடித்து டிஸ்க் நிரம்பிவிட்டதா என்று பாருங்கள்.

சர்வர் வைத்திருப்பவர்கள், "கறுப்புத் திரையே போதுமே" என்று சண்டைக்கு வருவீர்கள். சர்வருக்குச் சரி. மெமரி மிச்சமாவதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் பெரியப்பச்சி இந்த வயதில் கமாண்டு அடித்தா வரி பாக்கி பார்ப்பார்?

பாக்கி என்றதும் ஞாபகம் வருகிறது. வளவில் (வீட்டின் உள்முற்றக் கட்டில்) ஓடு மாற்றப் போட்ட வரியைப் பாதிப் பேர் இன்னும் கொடுக்கவில்லை. முகப்பில் நின்று போட்டோ எடுக்க மட்டும் சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு வந்துவிடுகிறார்கள். தேக்கு நிலையைப் பெயர்த்து பழம்பொருள் கடைகள் இருக்கிற முனீஸ்வரன் கோவில் தெருவில் விற்றால் ஓட்டுச் செலவுக்கு ஆகும் என்று ஒருவர் யோசனை சொன்னார். கணக்கைத் திறந்து பார்த்தேன், பெரிய பாக்கியே அவருடையதுதான்.