வாசகர் கேள்விகள்: கிழக்கிலிருந்து ஓர் இடிமுழக்கம்

கேள்வி: ஹெவி மெட்டல் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த இசை. அதை ஜப்பானியர் வாசிப்பது வெறும் நகல்தானே? லவுட்னஸ் என்ற குழுவைக் கேட்கும்படி நண்பர் ஒருவர் வற்புறுத்துகிறார். அப்படி என்ன இருக்கிறது அதில்?
– வாசகர், திருச்சி

பதில்: உங்கள் நண்பர் நல்ல வழியைத்தான் காட்டியிருக்கிறார். நகல் என்ற சொல்லை மட்டும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

இந்தக் குழுவின் கதை லவுட்னஸ் என்ற பெயருக்கு முன்பே தொடங்குகிறது. 1970களின் பிற்பகுதியில் ஒசாகாவைச் சேர்ந்த சில இளைஞர்கள் லேஸி என்ற குழுவை நடத்தினார்கள். இங்கிலாந்தின் ராக் குழுவான டீப் பர்பிளின் பாடல் ஒன்றிலிருந்துதான் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். அந்த டீப் பர்பிளின் புகழ்பெற்ற நேரடிக் கச்சேரித் தொகுப்பு 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் தோக்கியோவிலும்தான் பதிவாகியது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். ஆனால், லேஸி குழுவுக்கு வாய்த்தது வேறு. பளபளக்கும் உடை, சூஸி, டேவி, மிஷெல் என்று செல்லப் பெயர்கள், பள்ளி மாணவிகளைக் குறிவைத்த இனிப்புப் பாட்டுகள் என்று அவர்களைப் பதின்வயது நட்சத்திரங்களாகவே சந்தையில் நிறுத்தினார்கள். தாங்கள் கேட்டு வளர்ந்த இசை ஒன்று, மேடையில் வாசிக்க வேண்டியது மற்றொன்று என்ற நிலையில் எத்தனை காலம் ஓட்ட முடியும்? 1981இல் லேஸி கலைந்தது. அதில் பாடிய ஹிரோனோபு ககேயாமா பிற்காலத்தில் ‘டிராகன் பால் இஸட்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரின் தொடக்கப் பாடலைப் பாடி உலகெங்கும் குழந்தைகளுக்குத் தெரிந்த குரலானார். கிதார் வாசித்த அகிரா தகாசாகியும் டிரம்ஸ் வாசித்த முனேதகா ஹிகுச்சியும் பாடகர் மினோரு நீஹாரா, பேஸ் கிதார் வாசிக்கும் மசாயோஷி யமாஷிதா ஆகியோரைச் சேர்த்துக்கொண்டு, அதே ஆண்டில் லவுட்னஸைத் தொடங்கி முதல் ஆல்பத்தையும் வெளியிட்டுவிட்டார்கள். தகாசாகிக்கு அப்போது வயது 20.

கையில் இருந்த புகழையும் வருமானத்தையும் உதறிவிட்டு, ஜப்பானில் அன்று பெரிய சந்தை இல்லாத ஓர் இசைக்கு வந்தவர்களின் வாசிப்பை நகல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: நான் கர்நாடக சங்கீதம் பயின்றவள். என் மகன் கேட்கும் ஹெவி மெட்டல் எனக்கு இரைச்சலாகவே இருக்கிறது. இதில் சங்கீதம் எங்கே இருக்கிறது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் பயின்ற சங்கீதத்தைக் கொண்டே உள்ளே நுழையலாம். இந்த இசையின் அடித்தளமான பவர் கார்டு என்பது ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டுமே சேர்ந்தது. காந்தாரம் அதில் இல்லை. காரணம், மின்கிதாரின் ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன், வாசிக்கப்படும் சுரங்களுக்கு இடையே புதிய அதிர்வுகளை உண்டாக்குகிறது. ச, ப இரண்டும் 2:3 என்ற எளிய விகிதத்தில் இருப்பதால், அவற்றின் வேறுபாட்டில் பிறக்கும் அதிர்வு கீழ் ஸ்தாயி ஷட்ஜத்திலேயே போய் விழுகிறது. யாரும் மீட்டாத ஒரு ஷட்ஜம் அடியில் நின்று ஒலிப்பதால்தான் இரண்டு தந்திகளிலிருந்து அவ்வளவு கனம் பிறக்கிறது. காந்தாரத்தையும் சேர்த்தால் ஒன்றோடொன்று ஒட்டாத அதிர்வுகள் பிறந்து ஒலி கலங்கிவிடும்.

அடுத்து, வலக்கையைக் கவனியுங்கள். உள்ளங்கையின் விளிம்பைத் தந்திகள் முடியும் பாலத்தருகே லேசாக வைத்துக்கொண்டு மீட்டும்போது, நாதம் நீளாமல் ‘தக் தக்’ என்று அமுங்கி ஒலிக்கும். கையைச் சற்றே தூக்கினால் ஒலி திறந்துகொள்ளும். இப்படி மூடுவதும் திறப்பதுமாகவே மெட்டின் தாளக்கட்டு உருவாகிறது. லவுட்னஸின் ‘கிரேஸி டாக்டர்’ பாடலில் தகாசாகியின் வலக்கை செய்வதைப் பத்து நிமிடம் கவனித்துவிட்டு, பிறகு மகனிடம் பேசிப் பாருங்கள்.

கேள்வி: இக்குழு அமெரிக்காவிலும் வெற்றி பெற்றதா?
– வாசகர், சேலம்

பதில்: பெற்றது, அதற்கு ஒரு விலையும் கொடுத்தது. அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான அட்லாண்டிக்கோடு ஒப்பந்தம் ஏற்பட்டு, மாக்ஸ் நார்மனின் தயாரிப்பில் 1985இல் வந்த ‘தண்டர் இன் தி ஈஸ்ட்’ ஆல்பம் அமெரிக்க ஆல்பங்களின் தரவரிசையான பில்போர்டு 200 பட்டியலில் 74ஆம் இடத்தையும், அடுத்த ஆண்டு வந்த ‘லைட்னிங் ஸ்டிரைக்ஸ்’ 64ஆம் இடத்தையும் பிடித்தன. ஜப்பானிய மெட்டல் குழு ஒன்றுக்கு அன்று அது எட்டாக்கனி. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் மாட்லி க்ரூ என்ற அமெரிக்க மெட்டல் குழுவுக்கு முன்னதாக மேடையேறியதும் 1985இல்தான்.

ஆனால், அதற்கு மேல் படி ஏறவில்லை. 1988இன் இறுதியில் நீஹாராவை விலக்கிவிட்டு மைக் வெசேரா என்ற அமெரிக்கப் பாடகரைக் கொண்டுவந்தார்கள். ஆங்கில உச்சரிப்பு சீரானால் அமெரிக்கச் சந்தை திறக்கும் என்ற கணக்கு அதன் பின்னால் இருந்திருக்க வேண்டும். வெசேரா நல்ல பாடகர்தான். 1989இல் வந்த ‘சோல்ஜர் ஆஃப் ஃபார்ச்சூன்’ நேர்த்தியான ஆல்பமும்கூட. இருந்தாலும் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ ஒன்று குறைகிறது. ஜப்பானிய மொழியில் பெரும்பாலான அசைகள் உயிர் ஒலியில் முடிபவை; ‘மெட்டல்’ என்ற சொல்லைக்கூட அவர்கள் ‘மெதாரு’ என்றுதான் சொல்வார்கள். அதனால் அடியின் இறுதியில் நீஹாராவின் குரல் அந்த உயிரைப் பற்றிக்கொண்டு நீண்டு, நடுங்கி, கிதாரோடு போய்க் கலக்கிறது. மெய்யெழுத்தில் பட்டென்று முடியும் ஆங்கிலச் சொற்களில் அந்த இடம் அவருக்குக் கிடைப்பதில்லை. உச்சரிப்புக் குறை என்று மற்றவர்கள் எண்ணியதில்தான் இக்குழுவின் தனித்த முகம் இருந்தது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: அந்த நால்வரும் இன்றும் ஒன்றாக வாசிக்கிறார்களா? எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?
– வாசகர், புதுச்சேரி

பதில்: 1990களில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், தகாசாகி ஒருவரே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். இருபதாம் ஆண்டை ஒட்டி 2001இல் பழைய நால்வரும் மீண்டும் சேர்ந்தார்கள். எட்டு ஆண்டுகள் நிறைவதற்குள் அதுவும் முடிந்தது. ஹிகுச்சி கல்லீரல் புற்றுநோயால் 2008 நவம்பர் 30 அன்று, 49 வயதில் காலமானார். அவர் முன்பே வாசித்து வைத்திருந்த டிரம்ஸ் பதிவுகளின் மேல் மற்ற மூவரும் வாசித்து, 2009இல் ‘தி எவர்லாஸ்டிங்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். இல்லாத தோழனின் கையடிக்கு ஏற்பத் தாளம் தவறாமல் வாசித்த அந்த மூவரையும் நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது. பிறகு மசாயுகி சுசுகி டிரம்ஸுக்கு வந்தார், குழுவும் நிற்கவில்லை. நாற்பதாம் ஆண்டான 2021இல் ‘சன்பர்ஸ்ட்’ என்ற இரட்டை ஆல்பம் வந்தது.

தொடக்கத்துக்கு 1984இல் வந்த ‘டிஸ்இல்யூஷன்’ ஆல்பத்தைப் பரிந்துரைப்பேன். அது ஜப்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே கிடைக்கிறது. ஜப்பானிய வடிவத்தை முதலில் கேளுங்கள். ‘ஏரிஸ் லமென்ட்’ பாடலில் மெல்லத் தொடங்கும் கிதாரின் மேல் நீஹாராவின் குரல் ஏறும் இடம் வரும்போது, ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.